மைனிங்கில் ஓடிய ஆர்.டி.எக்ஸ். 3080: வாங்கியதிலிருந்து நிலைக்கு வந்தது வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் ஓடிய ஆர்.டி.எக்ஸ். 3080 என்ற கிராபிக்ஸ் கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சரிசெய்த கதை இது. இடம் திருச்சி. இரண்டாம் மாடி வீடு, தலைக்கு மேல் மொட்டைமாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவு பதினொரு மணிவரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. கிடையாது, ஒரு சீலிங் ஃபேன் மட்டும். உரிமையாளர் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல்தான் விளையாட உட்காருவார். ஏப்ரலில் அந்த நேரத்தில் அறையின் வெப்பம் 35 டிகிரி. இந்த ஒரு எண்ணை முதலிலேயே கணக்கில் எடுத்திருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது.

கணினியில் ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜி.பி. ரேம், 650 வாட், வெண்கல (ப்ரான்ஸ்) தர எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) இருந்தன. கேபினெட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடி. அதற்குப் பின்னால் விளக்கு எரியும் மூன்று ஃபேன்கள், காற்று வர பக்கவாட்டில் விரல் அகல இடுக்கு. மானிட்டர் 1440பி (2560×1440 புள்ளிகள்), 144 ஹெர்ட்ஸ். எல்லாம் 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றில் இணைந்திருந்தன. பழைய கிராபிக்ஸ் கார்டு 120 வாட் இழுத்ததால் இந்த அமைப்பில் அதுவரை ஒரு குறையும் தெரியவில்லை.

கார்டைத் தேர்ந்த விதம்

2023 மார்ச் கடைசி வாரம். கையில் இருந்தது நாற்பதாயிரத்துக்குள். மூன்று கார்டுகள் பட்டியலுக்கு வந்தன. புதிய ஆர்.டி.எக்ஸ். 3060 (12 ஜி.பி., 170 வாட்) விலையில் அடங்கியது, ஆனால் 1440பி-யில் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் காட்டும் முறை) போட்டால் மூச்சு வாங்கும். புதிய ஆர்.எக்ஸ். 6700 எக்ஸ்டி (12 ஜி.பி., 230 வாட்) சாதாரண ரெண்டரிங்கில் 3060-ஐ நன்றாகவே முந்தும், ரே டிரேசிங்கில் அந்த முன்னிலை தேயும். மூன்றாவது, செகண்ட் ஹேண்ட் ஆர்.டி.எக்ஸ். 3080, 10 ஜி.பி., விலை ரூ.36,000.

3080 அந்த விலைக்கு இறங்கியதற்குக் காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் கட்டமைப்பை மாற்றிக்கொண்டபோது, கிராபிக்ஸ் கார்டு வைத்து அதை மைனிங் செய்யும் தொழில் ஒரே நாளில் நின்றது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. விற்றவர் இதை மறைக்கவில்லை, "ஒன்றரை வருஷம் மைனிங்ல ஓடுச்சு" என்று சொல்லியே விற்றார். பில் மட்டும் இல்லை, ஆகவே வாரண்டியும் இல்லை.

மைனிங் கார்டு என்றாலே குப்பை என்பது சரியல்ல. எத்தீரியம் மைனிங்கில் ஜி.பி.யு. சிப்புக்குப் பெரிய வேலை இல்லை. மின் அளவைக் குறைத்து, வோல்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். பாடு முழுவதும் மெமரிக்கு. அதுவும் 3080-இல் இருப்பது ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் வகை, இயல்பாகவே அதிகம் சூடாகும் மெமரி. சிப்பைச் சுற்றி பத்து மெமரிகள், ஒவ்வொன்றுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தொகுதி) நடுவே ஒரு தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தை). மாதக்கணக்கில் தொண்ணூறு, நூறு டிகிரியில் கிடந்தால் அந்தப் பேடின் சிலிகான் எண்ணெய் கசிந்துவிடும், பேட் காய்ந்து கட்டியாகும். இரண்டாவதாகத் தேய்வது ஃபேன். வாங்கும்போது பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். உரிமையாளர் பார்த்தது படம் வருகிறதா, சிப்பின் வெப்பம் எவ்வளவு, ஐந்து நிமிட பெஞ்ச்மார்க்கில் (வேகச் சோதனை) மதிப்பெண் எவ்வளவு என்பதை மட்டும். மூன்றும் நன்றாக இருந்தன.

முதல் வாரத்தில் தெரிந்தவை

"அண்ணே, பத்து நிமிஷம் சூப்பரா ஓடுது. அப்புறம் திக்க ஆரம்பிச்சுடுது. டெம்பரேச்சர் பாத்தா 76 தான் காட்டுது." பழுதுபார்ப்பவரிடம் உரிமையாளர் சொன்னது இவ்வளவுதான். விசாரித்தபோது இன்னொன்றும் வெளிவந்தது: சில சமயம் கணினி அப்படியே அணைந்துவிடுகிறது.

அணைந்ததில் இரண்டு வகை இருந்தது. அதைப் பிரித்துக் கேட்டதுதான் வேலையைச் சுருக்கியது. ஒரு வகையில் யூ.பி.எஸ். நீளமாகக் கத்திவிட்டு மானிட்டரும் கணினியும் சேர்ந்தே அணையும். அது யூ.பி.எஸ். தாங்காமல் போவது. 600 வி.ஏ. என்பது நிஜத்தில் 360 வாட். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது விளையாட்டின் நடுவே மானிட்டர் சேர்த்து 530 வாட் காட்டியது. மற்ற வகையில் மானிட்டர் விளக்கு எரியும், கணினி மட்டும் சத்தமில்லாமல் சாகும், எஸ்.எம்.பி.எஸ். பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் உயிர் வரும். அது எஸ்.எம்.பி.எஸ்.-இன் பாதுகாப்பு விழுவது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், கணினி திடீரென அணைந்ததைச் சொல்லும் கர்னல்-பவர் 41 மட்டும் பதிவாகியிருந்தது, டிரைவர் விழுந்ததைச் சொல்லும் டிஸ்ப்ளே 4101 ஒன்றுகூட இல்லை. அதாவது பிரச்சினை கார்டின் நிலையின்மை அல்ல, மின்சாரம்.

3080-இன் அறிவிக்கப்பட்ட மின் அளவு 320 வாட். ஆனால் மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு அது அதைவிட வெகுவாக மேலே துள்ளும். அந்தத் துள்ளலுக்கும் இடம் விட்டுத்தான் இந்தக் கார்டுக்கு 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கப்பட்டது. இங்கே இருந்தது 650. போதாததற்கு கார்டின் இரண்டு 8-பின் சாக்கெட்டுகளும் ஒரே கேபிளின் இரட்டைத் தலையில் மாட்டப்பட்டிருந்தன. பெட்டிக்குள் இரண்டாவது கேபிள் பிரிக்கப்படாமலே கிடந்தது.

அளந்தது எப்படி

திக்கலுக்கு வருவோம். திரையில் எல்லாரும் பார்க்கும் அந்த ஒற்றை எண் சிப்பின் வெப்பம். எச்.டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு: ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி), மெமரி ஜங்ஷன் (மெமரியின் உள் வெப்பம்). சைபர்பங்க் 2077 விளையாட்டில் ஒரே தெரு, ஒரே செட்டிங், 25 நிமிடம் தொடர் ஓட்டம் என்று ஒரு சோதனை வகுக்கப்பட்டது. அறை வெப்பமானியை மேசை மேல் வைக்காமல், கேபினெட் காற்றை இழுக்கும் இடத்துக்கு அருகில் வைத்தார்கள். மேசைக்கும் அந்த இடத்துக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருந்தது.

25-ஆவது நிமிடத்தில் சிப் 76, ஹாட்ஸ்பாட் 91, மெமரி 110. மெமரி 110-ஐ எட்டியது எட்டாவது நிமிடத்திலேயே. அந்த வரம்பைத் தொட்டதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. 1,860 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சிப் 1,400-க்குக் கீழே விழுந்து, கொஞ்சம் ஆறியதும் ஏறி, மறுபடி விழுந்தது. ஃப்ரேம் (வினாடிக்குத் திரையில் வரும் படங்கள்) 85-இலிருந்து 58-க்கும் மேலுக்கும் ஊஞ்சலாடியது. திக்கல் என்று உரிமையாளர் சொன்னது இதைத்தான். வேகம் விழும்போது சிப் ஆறிவிடுவதால் 76 என்ற எண் அழகாகவே இருந்தது, அது நோயின் விளைவு. ஐந்து நிமிட பெஞ்ச்மார்க்கில் இது சிக்காமல் போனதற்கும் அதே எட்டு நிமிடக் கணக்குதான் காரணம்.

அடுத்த கேள்வி, குற்றவாளி கேபினெட்டா பேடா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே 25 நிமிடத்தை மீண்டும் ஓட்டினார்கள். சிப் 76-இலிருந்து 70-க்கு இறங்கியது. மெமரி 110-இலிருந்து 106-க்கு மட்டும். வெளிக்காற்று தாராளமாகக் கிடைத்தும் மெமரி இறங்கவில்லை என்றால் சூடு ஹீட்சிங்க் வரை போய்ச் சேரவே இல்லை என்று பொருள். பேட் முதல் குற்றவாளி, கண்ணாடி இரண்டாவது. கார்டின் மூன்று ஃபேன்களில் நடுவில் இருந்தது கரகரத்தது. விரலால் சுற்றிவிட்டால் மற்ற இரண்டும் நிதானமாக நின்றன, அது மட்டும் சட்டென்று நின்றது.

முதல் முறை திறந்ததும் அதில் நேர்ந்த தவறும்

கார்டைத் திறப்பது கடினமான வேலை அல்ல, அவசரப்படக் கூடாத வேலை. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணைத்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் இளகியிருக்கும். ஸ்குரூ எல்லாம் எடுத்தபின் ஹீட்சிங்கை நேராகத் தூக்காமல் மெல்லத் திருகினால் பிடி விடும். முழுதாகப் பிரிக்கும் முன் ஃபேன், விளக்கு இரண்டின் ஒயர்களையும் கனெக்டரைப் பிடித்து எடுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் சாக்கெட் போர்டிலிருந்து பிய்ந்து வரும். இவையெல்லாம் சரியாகவே நடந்தன. பழைய பேட் பொடிந்து உதிர்ந்தது, மெமரியைச் சுற்றி எண்ணெய்ப் படலம். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான துணியும் கொண்டு துடைக்கப்பட்டது.

தவறு புதிய பேடில். இதே சிப் கொண்ட வேறொரு மாடலுக்கு 2 மி.மீ. பேட் பொருந்தும் என்று தெரிந்திருந்ததால், இதற்கும் அதே தடிமனில், கிடைத்ததிலேயே அதிக வெப்பக் கடத்துதிறன் அச்சிடப்பட்ட பேட் வாங்கப்பட்டது: 12.8 வாட்/மீட்டர்-கெல்வின், விலை ரூ.1,900. பத்து மெமரிக்கும் வெட்டி ஒட்டி, சிப்பில் பேஸ்ட் வைத்து மூடினார்கள்.

ஓட்டிப் பார்த்தால் மெமரி 88. மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. சிப் 83, ஹாட்ஸ்பாட் 109. முன்பு 15 டிகிரியாக இருந்த சிப்-ஹாட்ஸ்பாட் இடைவெளி 26 ஆகிவிட்டது. இந்த வகைக் கார்டுகளில் அந்த இடைவெளி 10 முதல் 15 வரை இருந்தால் நலம், 20-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் இது. அதிகக் கடத்துதிறன் உள்ள பேடுகள் பெரும்பாலும் இறுக்கமானவை, அமுங்காது. அரை மி.மீ. கூடுதல் தடிமனும் அமுங்காத தன்மையும் சேர்ந்து, பத்து இடத்தில் ஹீட்சிங்கை முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டன. மெமரி நன்றாக ஒட்டிக்கொண்டது, நடுவில் இருந்த சிப் தொடர்பை இழந்தது. மறுபடி திறந்தபோது பேஸ்ட் அதைச் சொன்னது: சிப்பின் ஒரு மூலையில் மெல்லிய படலம், எதிர் மூலையில் வைத்தது வைத்தபடி தடிமனாக, அமுங்காமல் இருந்தது. இதைக் கவனிக்காமல் ஸ்குரூவை இன்னும் முறுக்கியிருந்தால் போர்டு வளையும், சிப்பின் ஓரம் உடையவும் கூடும். நல்லவேளையாக அது நடக்கவில்லை.

இரண்டாம் முறை

சரியான தடிமனைக் கண்டுபிடிக்க வழி பழைய பேடிலேயே இருந்தது. மெமரியின் மேல் அமுங்கிக் கிடந்த பகுதியை அளந்தால் அசல் தடிமன் கிடைக்காது. மெமரியின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டு அமுங்கியிருக்காது. டிஜிட்டல் காலிப்பரை அழுத்தாமல் வைத்து அங்கே அளந்தபோது 1.5 மி.மீ. மின் பகுதியில் இருந்த சுருள்களின் பேட் 2 மி.மீ. ஒரே கார்டில் இரண்டு தடிமன்.

இந்த முறை மெமரிக்கு 1.5 மி.மீ., 6 வாட்/மீட்டர்-கெல்வின் மட்டுமே கொண்ட, ஆனால் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் மென்மையான பேட். காகிதத்தில் பாதிக் கடத்துதிறன், விலையும் குறைவு, சுருள்களுக்கும் சேர்த்து ரூ.1,100. மூடி முறுக்கி, உடனே திறந்து தடம் பார்க்கப்பட்டது. பத்து பேடிலும் மெமரியின் சதுரம் பதிந்திருந்தது, சிப்பில் பேஸ்ட் நான்கு மூலைக்கும் ஒரே சீராகப் பரவியிருந்தது. தடம் சரி என்றான பிறகே பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்து நிரந்தரமாக மூடினார்கள். சிப்பைச் சுற்றிய நான்கு ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். பேஸ்ட் விஷயத்தில் ஒரு தேர்வு இருந்தது. நீர்த்த பேஸ்ட் முதல் நாள் நல்ல எண் காட்டும், ஆனால் மூடியில்லாத இத்தகைய சிப்பில் சூடாகிச் சூடாகி ஆறும்போது சில மாதங்களில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அதனால் கெட்டியான பேஸ்ட் எடுக்கப்பட்டது.

ஃபேனைப் பொறுத்தவரை அதன் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணும் ஒயர்களின் எண்ணிக்கையும் பொருந்தினால் போதும். மூன்றும் ஒரே வயது என்பதால் மூன்றையும் மாற்றினார்கள்.

கதவை மூடி, அதே கண்ணாடி கேபினெட்டில், அதே 35 டிகிரி அறையில் அளந்தது: சிப் 75, ஹாட்ஸ்பாட் 88, மெமரி 96. வேகம் விழவில்லை. முழு 320 வாட்டிலும் ஃப்ரேம் 86-இல் நின்றது. 12.8 என்று அச்சிட்ட பேடைவிட 6 என்று அச்சிட்டது மொத்தத்தில் நல்ல பலன் தந்தது. பேட் வாங்குபவர்கள் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்கும் முன் தடிமனையும் மென்மையையும் பார்க்க வேண்டும் என்று இத்தனை அழுத்தமாகச் சொல்வதற்கு இந்த அளவீடே ஆதாரம்.

கேபினெட்

முன்கண்ணாடி கழற்றப்பட்டு, அதே சட்டத்தில் வலை பொருத்தப்பட்டது. மூன்று விளக்கு ஃபேன்களுக்குப் பதில் இரண்டு 140 மி.மீ. ஃபேன்கள் முன்னால் காற்றை இழுக்க, ஒன்று பின்னால் வெளியேற்ற. உள்ளே வருவது வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழையாது. திருச்சிக் கோடைத் தூசிக்கு இது தேவை. செலவு ரூ.2,300. சிப் 70, ஹாட்ஸ்பாட் 83, மெமரி 88 ஆனது. பேடுக்கு முன் இதைச் செய்திருந்தால் நான்கு டிகிரிதான் கிடைத்திருக்கும். அடைப்பை எடுத்த பிறகு செய்ததால் எட்டு கிடைத்தது.

ஓவர்கிளாக்: மேலே ஏற்றியது, பிறகு கைவிட்டது

உரிமையாளருக்கு ஓவர்கிளாக் செய்ய, அதாவது தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஆசை. அதை மறுக்காமல், அளந்து முடிவெடுக்கலாம் என்று தீர்மானித்தார்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின் வரம்பு இந்தக் கார்டு அனுமதிக்கும் 350 வாட்டுக்கு உயர்த்தப்பட்டது, சிப் வேகம் கூடுதல் 90 மெகாஹெர்ட்ஸ். டைம் ஸ்பை என்ற பெஞ்ச்மார்க்கில் கிராபிக்ஸ் மதிப்பெண் 17,350-இலிருந்து 17,900 ஆனது. விளையாட்டில் 86 ஃப்ரேம் 88 ஆனது. இரண்டு ஃப்ரேமுக்காக 30 வாட், மெமரிக்கு நான்கு டிகிரி, ஃபேன் சத்தம் அடுத்த அறைவரை. மூன்றாம் நாள் எஸ்.எம்.பி.எஸ். மறுபடி விழுந்தது, இத்தனைக்கும் அதற்குள் இரண்டு தனிக் கேபிள்கள் மாட்டியாகிவிட்டது. அந்த அமைப்பு அன்றே கைவிடப்பட்டது.

அந்தச் சிப்பு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விளிம்பில் நிற்கிறது என்பதே காரணம். கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காக வோல்டேஜ் வெகுவாக ஏற்றப்பட்டிருக்கிறது. மின் செலவு ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே மேலே தள்ள இடமில்லை, ஆனால் கீழே இழுக்க நிறைய இடம் இருக்கிறது. இதைத்தான் அண்டர்வோல்ட் என்கிறோம்.

ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்-உம் அழுத்தினால் வோல்டேஜ்-வேக வளைகோடு திறக்கும். அதில் 0.850 வோல்ட் புள்ளியை விரும்பிய வேகத்துக்கு உயர்த்தி, அதற்கு வலப்புறம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அதே உயரத்துக்குச் சமப்படுத்த வேண்டும். கார்டு அந்த வோல்டேஜைத் தாண்டாது. இதை விளையாட்டு ஓடிக் கார்டு சூடாக இருக்கும்போது செய்வது நல்லது. வெப்பம் மாறினால் வளைகோடு 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக நகரும். குளிர்ந்த கார்டில் வைத்த 1,800, சூட்டில் 1,785 ஆகவோ 1,770 ஆகவோ நிற்கும், பிறகு ஏன் இறங்கியது என்று தேட வேண்டியிருக்கும்.

முதலில் 1,875 முயன்றார்கள். டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்டின் 20 சுற்றும் 97 சதவீதத்துக்கு மேல் தேறியது. ரே டிரேசிங் போட்ட விளையாட்டு நாற்பதாவது நிமிடத்தில் விழுந்தது. 1,845 இரண்டாம் மாலை விழுந்தது. இந்த முறை ஈவென்ட் வியூவரில் 4101 இருந்தது, அதாவது மின்சாரம் அல்ல, வேகத்துக்கு வோல்டேஜ் போதவில்லை. 1,815 நான்கு நாள் தாங்கியது. வெயில் இன்னும் ஏறப்போகிறது என்பதால் ஒரு படி இறக்கி 1,800-இல் நிறுத்தினார்கள். இந்தச் சோதனைக்கு ஃபர்மார்க் (கார்டை முழுச் சுமையில் வாட்டும் மென்பொருள்) உதவாது. அது மின் வரம்பை உடனே முட்டி வேகத்தைக் கீழே இழுத்துவிடும், நாம் சோதிக்க வேண்டிய 1,800-ஐ அது தொடவே தொடாது. விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பு ஏறும்படி விடும் பொத்தானைச் சோதனை முடியும் வரை அழுத்தவில்லை. நிலையற்ற அமைப்பு தானாக ஏறினால் கணினி திறக்கும் ஒவ்வொரு முறையும் விழும்.

அடுத்து மெமரி. 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்று முறை டைம் ஸ்பை. அண்டர்வோல்ட்டில் மட்டும் 16,950 இருந்த மதிப்பெண், கூடுதல் 400-இல் 17,250, 600-இல் 17,310, 800-இல் 17,180, 1,000-இல் 16,900. திரையில் ஒரு புள்ளி, கோடு, கறை எதுவும் இல்லை. ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் பிழையைக் கண்டுபிடித்து அதே தரவை மறுபடி அனுப்பும். எனவே எல்லை தாண்டியதற்கு அடையாளம் படம் கெடுவது அல்ல, மதிப்பெண் குறைவது. 1,000-இல் எதுவும் விழவில்லையே என்று விட்டிருந்தால், ஏற்றியதாக நினைத்து இறக்கி வைத்தவர்களாக இருந்திருப்பார்கள். சூட்டைக் கருதி 400 போதும் என்று முடிவானது.

பலன்

மே மாதக் கத்திரி வெயிலில், அதே 25 நிமிடம், அறை 36 டிகிரி: சிப் 67, ஹாட்ஸ்பாட் 78, மெமரி 84, ஃபேன் 60 சதவீதம். கார்டு இழுப்பது 320-க்குப் பதில் 260 வாட். ஃப்ரேம் 85. தொடக்கத்தில் எட்டு நிமிடம் மட்டும் கிடைத்த வேகம் இப்போது இரவு முழுக்கக் கிடைக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். அதன்பின் விழவில்லை. பிளக்கில் மானிட்டர் சேர்த்து 460 வாட். அப்போதும் பழைய யூ.பி.எஸ். தாங்காது என்பதால் 1,100 வி.ஏ. (660 வாட்) வாங்கப்பட்டது.

செலவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்டு 36,000, வீணான பேட் 1,900, சரியான பேட் 1,100, பேஸ்ட் 700, கார்டின் ஃபேன்கள் 1,400, கேபினெட் வேலை 2,300, யூ.பி.எஸ். 5,500, கூலி 1,500. மொத்தம் ரூ.50,400. ஏப்ரல் 13-இல், அதாவது வாங்கி மூன்று வாரத்துக்குள், ஆர்.டி.எக்ஸ். 4070 வெளிவந்தது. ஏறக்குறைய இதே வேகம், 12 ஜி.பி., 200 வாட், இந்தியாவில் அப்போது விலை அறுபதாயிரத்துக்கு மேல். பணம் இருந்து காத்திருந்தால் அந்த அறைக்கு அதுவே பொருத்தம். பணம் இல்லாதபோது 3080-ஐத் தேர்ந்தது தவறு என்று சொல்ல முடியாது. 36,000-தான் செலவு என்று நம்பியது தவறு.

இனி எப்படிச் செய்வோம்

வாங்கும் இடத்தில் இருபது நிமிடம் கேட்டு வாங்க வேண்டும். ஐந்து நிமிடம் போதாது. மெமரி ஜங்ஷன் வரியைத் திறந்து வைத்து ஓட்டி, அறை வெப்பம் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏ.சி. கடையில் 96 காட்டும் மெமரி, பத்து டிகிரி கூடுதலான மொட்டைமாடி அறையில் 106-ஐ நெருங்கும். ஃபேன் மூன்றையும் விரலால் சுற்றிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. இந்த இரண்டு குறைகளையும் அங்கேயே காட்டியிருந்தால் விலையில் மூவாயிரமாவது குறைத்திருக்கலாம்.

பழுதுபார்ப்பில் வரிசை மாறும். முதலில் இரண்டு தனி மின் கேபிள்கள், பிறகு அண்டர்வோல்ட், அதன்பின்தான் திறப்பது. முதல் இரண்டுக்கும் காசு இல்லை, கார்டைத் திறக்கவும் தேவையில்லை. மெமரியின் 110-ஐ அண்டர்வோல்ட் மட்டும் தீர்த்திருக்காது, ஆனால் எஸ்.எம்.பி.எஸ். விழுவது முதல் நாளே நின்றிருக்கும். பேட் வாங்கும் முன் கார்டைத் திறந்து காலிப்பரால் அளந்திருந்தால் 1,900 ரூபாய் மிஞ்சியிருக்கும், ஒரு முறை பிரித்து மூடிய அபாயமும் தவிர்ந்திருக்கும். தடிமன் உறுதியாகத் தெரியாத கார்டுகளில் பேடுக்குப் பதில் தெர்மல் புட்டி பயன்படுத்தலாம், அது இடைவெளிக்கு ஏற்ப அமுங்கிக்கொள்ளும். எஸ்.எம்.பி.எஸ். 650 வாட்டிலேயே விடப்பட்டது 260 வாட் அமைப்பை நம்பித்தான். விண்டோஸை மறுபடி நிறுவினால் அந்த அமைப்பு அழிந்துவிடும், கார்டு 320-க்குத் திரும்பும். இதை ஒரு தாளில் எழுதி, 0.850 வோல்ட், 1,800, மெமரி 400 என்ற எண்களோடு கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து நவம்பரில் ஒரு முறை பார்க்கப்பட்டது. அறை 29 டிகிரி, மெமரி 79. அறையின் வித்தியாசத்தைக் கழித்தால் இரண்டு டிகிரி கூடியிருந்தது. வலையிலும் ஹீட்சிங்கிலும் தூசி. புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊதினார்கள், காற்றில் வெறித்தனமாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். சுத்தம் செய்தபின் மெமரி 77. மென்மையான பேடின் விளிம்பில் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு தெரியத் தொடங்கியிருந்தது. இப்போதைக்குத் திறக்க வேண்டாம், 2024 ஏப்ரலில் அதே தெரு, அதே 25 நிமிடம் ஓட்டி மெமரி 92-ஐத் தாண்டினால் மட்டும் பேட் மாற்றலாம் என்று குறித்துவைக்கப்பட்டது.